குழந்தைக்கு அவசரம் என்று ஓடி வந்தால்: குமரி மாவட்ட நர்ஸ்கள் கேட்கும் கேள்விகள்

ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா மருத்துவமனை, சின்னத் தனியார் கிளினிக் என்று எங்கே வேலை பார்த்தாலும், ராத்திரி டூட்டியில் தனியாக நிற்கிற நர்ஸ்களுக்காக இதை எழுதுகிறேன். குழந்தைகள் அவசரப் பிரிவில் பல வருடம் நின்றவள் என்பதால், புதிதாகச் சேருகிற பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நர்சிங் படிக்கிறவர்களும் பெற்றோரும் தாராளமாகப் படிக்கலாம். மருந்தும் அளவும் டாக்டர் சொல்ல வேண்டியவை. டாக்டர் வரும்வரை எதைப் பார்ப்பது, எதை எண்ணுவது, எதை உடனே கூப்பிட்டுச் சொல்வது என்பதுதான் இங்கே பேச்சு.

பிள்ளையைக் கொண்டு வந்ததும் முதலில் எதை எடுப்பது? தெர்மாமீட்டரா, பி.பி.யா, எடையா?

எதையும் எடுக்க வேண்டாம். அரை நிமிடம் பாருங்கள். பிள்ளை அம்மாவின் இடுப்பில் இருக்கும்போதே, வாசலைத் தாண்டும்போதே பார்க்கத் தொடங்கிவிட வேண்டும். நாம் தொட்டதும் பிள்ளை அழும். அழுதால் மூச்சும் நாடியும் எகிறும், முகம் சிவக்கும். அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பது அப்புறம் கிடைக்காது.

அந்த அரை நிமிடத்தில் பார்க்க வேண்டியது மூன்று: பிள்ளையின் தோற்றம், மூச்சு விடப் படுகிற பாடு, தோலின் நிறம். குழந்தை மதிப்பீட்டு முக்கோணம் என்று பாடத்தில் வருவது இதுதான். கருவி எதுவும் தேவையில்லை, கண்ணும் காதும் போதும்.

தோற்றம் என்றால் என்ன என்று ஒரு பிள்ளையை வைத்தே சொல்கிறேன். இரண்டு வயசுப் பிள்ளை அம்மா தோளில் தலையைச் சாய்த்திருக்கிறது. நீங்கள் பக்கத்தில் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாவின் சேலையை இறுக்கிப் பிடித்தால் மனசுக்கு ஆறுதல். வேற்று ஆள் வருகிறார் என்று அதற்குத் தெரிகிறது, எதிர்க்கத் தெம்பும் இருக்கிறது. அதே வயசுப் பிள்ளை, முன்பின் தெரியாத கை நெற்றியில் பட்டும் அசையாமல் உங்களைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தால், கால் இரண்டும் அம்மாவின் இடுப்பைப் பற்றாமல் தொங்கினால், அதுதான் அவசரம். காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதெல்லாம் பிறகு. வார்டையே இரண்டாக்குகிற மாதிரி அலறுகிற பிள்ளைக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது என்பதாவது நிச்சயம். ஒரு மூலையில் சத்தமில்லாமல் கிடக்கிற பிள்ளையிடம் முதலில் போங்கள்.

மூச்சில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். சட்டைக்கு மேலே பார்த்து எழுதிய மூச்சுக் கணக்கை நான் ஏற்பதில்லை.

முழுதாக 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது பெரியவர்களுக்குச் சரிவரலாம். கைக்குழந்தை கொஞ்சம் வேகமாக விடும், நிறுத்தும், மறுபடி விடும். அதனால் பெருக்கினால் கணக்குத் தப்பும். உலக சுகாதார நிறுவனம் வேகமான மூச்சுக்கு வைத்திருக்கிற எல்லை இது: இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் 11 மாதம்வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை 40.

எண்ணிக்கையைவிடப் பெரிய செய்தி அந்த மூச்சுக்குப் பிள்ளை எவ்வளவு பாடுபடுகிறது என்பது. மூக்குத் துவாரம் விடைக்கிறதா, விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுக்கிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுகிறதா என்று பாருங்கள். மூச்சை வெளியே விடும்போதெல்லாம் ஒரு முனகல் வந்தால் உடனே ஆக்ஸிஜன் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். நுரையீரலின் சிற்றறைகள் சுருங்கிவிடாமல் இருக்கப் பிள்ளையின் உடம்பு தானே கண்டுபிடித்த வழி அந்த முனகல். பல வீட்டில் அதை வயிற்றுவலி என்று நினைத்துக் கொண்டு வருவார்கள்.

உள்ளே இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் அடைப்பு தொண்டைப் பக்கம். விடும்போது விசில் மாதிரி இழுப்புச் சத்தம் வந்தால் கீழே, நுரையீரல் குழாய்களில். உள்ளே இழுக்கும் சத்தத்தோடு எச்சில் வடித்துக்கொண்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள். நாக்கை அழுத்தித் தொண்டையைப் பார்க்கவும் கூடாது. அது தேடி எடுத்துக்கொண்ட இருப்பில்தான் கொஞ்சம் காற்றாவது போகிறது. அம்மா மடியிலேயே இருக்கட்டும், ஆக்ஸிஜன் குழாயை முகத்துக்கு அருகில் பிடித்தால் போதும்.

இன்னொன்று. இழுப்போடு வந்த பிள்ளைக்குத் திடீரென்று சத்தம் நின்றுவிட்டால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் முகத்தைப் பாருங்கள். களைத்துப்போய், கண் சொருகி, நெஞ்சு அசைவதே குறைந்திருந்தால் காற்றே போகவில்லை என்று பொருள். வேகமாக இருந்த மூச்சு சிகிச்சை இல்லாமலே 'நார்மல்' ஆவதும் அதே ஆபத்துதான்.

நம்ம பிள்ளைகளுக்கு மாநிறம், கறுப்பு நிறம். நீலம் பாய்ந்தது எப்படித் தெரியும்?

நாக்கையும் உதட்டின் உட்பக்கத்தையும் பாருங்கள். விரல் நுனி மட்டும் நீலமாக இருப்பது குளிரிலும் வரும், நாக்கு நீலமானால் ஆக்ஸிஜன் குறைவு. வெளிறலுக்கு உள்ளங்கை, கீழ் இமையின் உட்புறம். ட்யூப்லைட் வெளிச்சத்தை மட்டும் நம்பாமல் கைபேசி டார்ச்சையும் அடித்துப் பாருங்கள். அம்மாவிடம், 'எப்பவும் இந்த நிறம்தானா?' என்று கேட்டுவிடுங்கள். அவர் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் நம் கண்ணுக்குத் தெரியாது. கன்னத்திலும் உள்ளங்காலிலும் இருக்கிற கரும்பொட்டு கண்மையா, தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியதா என்று துடைத்துப் பார்ப்பதும் அவசியம்.

பி.பி. சரியாக இருக்கிறது. அப்போ ஷாக் இல்லைதானே?

ஷாக் என்றால் உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போய்ச் சேராத நிலை. பி.பி. சரி என்பதை மட்டும் நம்பினால் பிள்ளையை இழந்துவிடுவோம். பெரியவர்களுக்கு ரத்தமோ நீரோ குறைந்தால் பி.பி. ஓரளவு முன்னதாகவே இறங்கும். குழந்தையின் உடம்பு அப்படியில்லை. இதயம் வேகமாக அடித்தும், கை கால் ரத்தக் குழாய்களைச் சுருக்கியும் பி.பி.யைக் கடைசிவரை பிடித்து நிறுத்திவிடும். முடியாமல் போகும்போது படிப்படியாக இறங்காது, சட்டென்று விழும். அதற்கு அப்புறம் நமக்கு நேரம் மிகக் குறைவு.

அதனால் பி.பி.க்கு முன்னால் கையையும் காலையும் தொடுங்கள். உங்கள் புறங்கையைப் பிள்ளையின் பாதத்தில் வைத்து மெல்ல முழங்கால்வரை கொண்டு போங்கள். குளிர்ச்சி எங்கே முடிந்து சூடு எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதத்தோடு நின்ற குளிர்ச்சி அரை மணி நேரத்தில் முழங்காலுக்கு ஏறியிருந்தால் பிள்ளை மோசமாகிறது. வேறு சோதனை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்து நெஞ்செலும்பின் மேலோ விரல் நுனியிலோ 5 விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடத்தில் ரத்தம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் தப்பு. கை குளிர்ந்து, ரத்தம் திரும்பத் தாமதமாகி, நாடி வேகமாகவும் மெலிந்தும் இருந்தால் அதை ஷாக் என்றே எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அவசரப் பயிற்சி. பி.பி. அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பி.பி.யே பார்க்காதே என்று சொல்லவில்லை. ஒரு வயது முதல் பத்து வயதுவரை, வயதை இரண்டால் பெருக்கி 70 கூட்டுங்கள். மேல் அளவு அதற்குக் கீழே இருந்தால் அது தாழ்ந்த பி.பி. நாலு வயதுக்கு 78. கைப்பட்டை பிள்ளையின் மேல்கையில் மூன்றில் இரண்டு பங்கை மூடுகிற அளவில் இருக்க வேண்டும். பெரியவர்கள் பட்டையைச் சுற்றினால் குறைத்துக் காட்டும், மிகச் சின்னதைச் சுற்றினால் கூட்டிக் காட்டும்.

டாக்டர் சொல்லி நீர் ஏற்றத் தொடங்கினால் நம் வேலை இன்னும் கூடுகிறது. ஒவ்வொரு தவணை முடிந்ததும் நாடி, மூச்சு எண்ணிக்கை, கால் சூடு, சிறுநீர் எல்லாம் மறுபடி பார்க்க வேண்டும். நெஞ்சில் புதிதாக நொறுநொறுச் சத்தம் வந்தாலோ கல்லீரல் விளிம்பு கீழே இறங்கியிருந்தாலோ அடுத்த தவணையை ஏற்றும் முன்னால் டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 97 காட்டினால் நிம்மதியா?

அலை சீராக வருகிறதா, கருவி காட்டும் துடிப்பும் நீங்கள் எண்ணிய நாடியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு ஓரளவு நிம்மதி. பெரியவர்கள் விரல் கிளிப் கைக்குழந்தையின் விரலில் நிற்காது. பாதத்தில் சுற்றுகிற சென்சார் இல்லையென்றால் கால் பெருவிரலில் முயன்று பாருங்கள். கை கால் குளிர்ந்திருந்தால் எண்ணை நம்பாதீர்கள். நெஞ்சு இழுத்துக்கொண்டு 97 இருக்கிற பிள்ளை, பாடுபட்டு அந்த 97-ஐக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

அழுது புரண்டு தொடவே விடாத பிள்ளையை எப்படிச் சோதிப்பது?

அம்மா மடியிலிருந்து பிரிக்காதீர்கள். நீங்கள் குனிந்து அதன் கண்மட்டத்துக்கு வாருங்கள். 'மக்களே, உனக்கு என்ன பேரு?' என்று கேட்டுக்கொண்டே தூரத்திலிருந்து முடிகிறதை எல்லாம் முடித்துவிடுங்கள். தொட வேண்டியதில் மூச்சும் இதயமும் கேட்பது முதலில், வலிக்கிற இடம், காது, தொண்டை கடைசியில். ஸ்டெதஸ்கோப்பை அம்மாவின் கையில் வைத்துக் காட்டிவிட்டுப் பிள்ளைக்கு வைத்தால் பாதிப் பயம் போய்விடும். மூன்று வயதுப் பிள்ளைக்கு 'வலிக்கவே வலிக்காது' என்று சொல்லி ஊசி போட்டால், அடுத்த தடவை வெள்ளைச் சட்டை யார் போட்டு வந்தாலும் அது நம்பாது. 'கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிச்சிடுவேன்' என்று சொல்லுங்கள்.

அம்மாவும் பாட்டியும் சொல்வதை எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்?

'இவன் இப்படி இருக்கிறவனே இல்ல சிஸ்டர்' என்று ஒரு அம்மா சொன்னால், அதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதுங்கள். நாம் பார்ப்பது பத்து நிமிடம். அவர் பிறந்ததிலிருந்து பார்க்கிறவர். அம்மாவின் பதற்றம் பரிசோதனையில் கிடைக்கிற ஒரு தகவல்தான்.

கேட்க வேண்டியவை: எப்போது தொடங்கியது, கடைசியாக என்ன குடித்தது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, என்ன மருந்து கொடுத்தார்கள், எதற்காவது அலர்ஜி உண்டா, ஏற்கெனவே நோய் உண்டா, தடுப்பூசி அட்டை எங்கே. சிறுநீர்க் கேள்வியை விடாதீர்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் துணி நனையவில்லை என்றால் அது பெரிய செய்தி.

அப்புறம், வீட்டில் செய்ததைக் கேட்பது. கேட்கிற விதத்தில்தான் பதில் வரும். 'நாட்டு மருந்து எதுவும் கொடுத்தியா?' என்று அதட்டினால் 'இல்ல' என்பார்கள். 'வீட்டுல முதல்ல என்ன செஞ்சு பாத்தீங்க பாட்டி? எதுன்னாலும் சொல்லுங்க, எங்களுக்குத் தெரிஞ்சா பிள்ளைக்குத்தான் நல்லது' என்று கேட்டால் எல்லாம் வரும். குளிப்பாட்டிவிட்டு மூக்கில் தேங்காய் எண்ணெய் விட்டது வரும். அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா மாதிரி ஆகும். சளிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கித் தடவியது வரும். கற்பூரம் கொஞ்சம் வாய்க்குள் போனாலே சின்னப் பிள்ளைக்குச் சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். யூகலிப்டஸ் தைலமும் அப்படித்தான். ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைத்தார்களா என்பதையும் கேளுங்கள். மார்த்தாண்டம் தேன் எத்தனை சுத்தமானாலும் அந்த வயதில் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்கிருமியின் விதை கைக்குழந்தையின் குடலில் முளைத்து உடம்பைத் தளர வைத்துவிடும். மலச்சிக்கல், மெலிந்த அழுகை, பால் குடிக்கத் தெம்பில்லாமை என்று தொடங்கும்.

தொக்கம் எடுத்துவிட்டு, மந்திரித்துவிட்டு வந்தவர்களைத் திட்டி என்ன கிடைக்கப் போகிறது? அடுத்த தடவை இன்னும் தாமதமாக வருவார்கள், அவ்வளவுதான்.

வலிப்பு வந்துகொண்டிருக்கும்போதே தூக்கி வந்தால்?

கடிகாரத்தைப் பாருங்கள், பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்புங்கள், வாயோரம் வழிவதைத் துடையுங்கள், ஆக்ஸிஜன் வையுங்கள். கையில் சாவிக்கொத்து திணித்திருப்பார்கள், வாய்க்குள் ஸ்பூன் இருக்கும். பக்குவமாக எடுத்துவிடுங்கள். கை காலை அழுத்திப் பிடிக்க வேண்டாம்.

ஐந்து நிமிடம் தாண்டிய வலிப்புக்கு மருந்து வேண்டும். வீட்டிலிருந்து வலித்துக்கொண்டே வந்திருந்தால் அந்த ஐந்து நிமிடம் வழியிலேயே போயிருக்கும், டாக்டர் சொல்கிற மருந்தை எடுத்துத் தயாராக நில்லுங்கள். அதே நேரத்தில் ரத்தச் சர்க்கரை பார்த்தே தீர வேண்டும். டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், குளுக்கோஸ் ஏற்றாமல் எந்த வலிப்பு மருந்தும் முழுப் பலன் தராது.

காய்ச்சலோடு வரும் சாதாரண வலிப்பு ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை வரும், பெரும்பாலும் சில நிமிடத்தில் நின்று பிள்ளை தெளிந்துவிடும். தெளியவில்லை, ஒரு பக்கம் மட்டும் வெட்டியது, ஒரே நாளில் மறுபடி வந்தது, உச்சிக்குழி புடைத்திருக்கிறது, கழுத்து விறைத்திருக்கிறது என்றால் அது வேறு கதை. உச்சிக்குழியைப் பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, அழாமல் இருக்கும்போது தடவிப் பாருங்கள். அழும்போது எல்லாப் பிள்ளைக்கும் புடைக்கும்.

நினைவு நிலையைக் குறிக்க நாலு படி போதும்: விழித்திருக்கிறது, கூப்பிட்டால் பார்க்கிறது, வலிக்கு மட்டும் அசைகிறது, எதற்கும் அசையவில்லை. நேரம் போட்டு எழுதுங்கள்.

பேதியும் வாந்தியும். எப்போது பயப்பட வேண்டும்?

கண் குழிந்து, தாகமாகக் குடிக்கிற பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். போதும். எடையில் கிலோவுக்கு 75 மில்லி என்று கணக்கிட்டு நாலு மணி நேரத்தில் கரண்டி கரண்டியாக. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து டம்ளரில் கலக்குகிற வீடுகள் நிறைய, அதனால் ஒரு தடவை கரைத்துக் காட்டிவிடுங்கள்.

குடிக்கவே தெம்பில்லை, கூப்பிட்டால் விழிக்கவில்லை, தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவில் தோலைக் கிள்ளி விட்டால் 2 விநாடிக்கு மேல் மடிந்தே நிற்கிறது என்றால் ஐ.வி., அதாவது நரம்பு வழியாக நீர் ஏற்ற வேண்டும். மெலிந்த பிள்ளைக்குத் தோல் எப்போதும் மெதுவாகத்தான் திரும்பும், கொழுத்த பிள்ளைக்குச் சட்டென்று திரும்பிவிடும். அதனால் இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

டெங்கு சந்தேகம். காய்ச்சல் விட்டாச்சே, வீட்டுக்கு அனுப்பலாமா?

காய்ச்சல் விடுகிற நாள்தான் ஆபத்தான நாள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், உடம்பு தணுக்கும்போது ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். விடாத வயிற்றுவலி, தொடர்ந்து வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு, குளிர்ந்த பாதம், இதில் ஒன்று இருந்தாலும் அனுப்பாதீர்கள். பி.பி.யில் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள இடைவெளி 20 அல்லது அதற்குள் சுருங்கினால், மேல் அளவு எத்தனை இருந்தாலும் ஷாக்தான். பாரசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மருந்து கடையில் வாங்கிக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். குமரியில் இரண்டு பருவமழையும் பெய்வதால், ரப்பர் மரத்துச் சிரட்டையில் வருடத்தில் பல மாதம் தண்ணீர் நிற்கும், அதில் டெங்கு கொசு வளரும். வீடு தோட்டத்துக்குள் இருக்கிறதா என்பதையும் கேட்டு எழுதலாம்.

ரப்பர் ஆசிட், மண்ணெண்ணெய், அரளிக்காய். குடித்த பிள்ளையை எப்படிப் பார்ப்பது?

மேற்குப் பக்கம், குலசேகரம், அருமனை, திருவட்டாறு என்று எங்கே போனாலும் ரப்பர் ஷீட் அடிக்கிற வீடு இருக்கும். ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் இருக்கும். அது பழைய குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ திண்ணை ஓரம் இருக்கும். நடை பழகுகிற பிள்ளைக்கு எட்டுகிற உயரம் அது. பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரிதான் தெரியும்.

வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உள்ளே போகும்போது ஒரு தடவை வெந்த உணவுக்குழாய் வெளியே வரும்போது இன்னொரு தடவை வேகும். மோர், முட்டை, எலுமிச்சை எதுவும் வேண்டாம். இரைப்பைக் குழாய் விடுவதும் விஷத்தை உறிஞ்சும் மருந்துக் கரி கொடுப்பதும் இங்கே கூடாது. உதடு, நாக்கு வெளுத்து வெந்திருக்கிறதா, எச்சிலை விழுங்காமல் வடிக்கிறதா, குரல் கம்மியிருக்கிறதா, மூச்சை இழுக்கும்போது சத்தம் வருகிறதா என்று பாருங்கள். குரல் மாறினாலே மூச்சுப்பாதை வீங்குகிறது என்று பொருள். வாய் சுத்தமாக இருக்கிறது என்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்று எழுதிவிடாதீர்கள். உடம்பில் சிந்தியிருந்தால் துணியைக் கழற்றி நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சிறுநீரின் நிறத்தையும் பாருங்கள், இந்த ஆசிட் ரத்த அணுக்களை உடைத்துச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாட்டிலைக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

கடற்கரைப் பக்கம் மண்ணெண்ணெய். இதிலும் வாந்தி எடுக்க வைப்பதுதான் பெரிய கெடுதல், ஆபத்து வயிற்றில் இல்லை, நுரையீரலில். வந்தபோது நன்றாக இருந்தாலும் குறைந்தது ஆறு மணி நேரம் மூச்சு எண்ணிக்கையும் இருமலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மஞ்சள் அரளிக்காய் தின்ற பிள்ளைக்கு வாந்தி வரும். நாடி மெதுவாகவும் தாறுமாறாகவும் ஓடும். நாடியை முழு நிமிடம் எண்ணி, இ.சி.ஜி. எடுத்து வைத்துவிடுங்கள்.

பாம்பு கடித்த பிள்ளை. கடிவாய் தெரியவில்லை, வீக்கமும் இல்லை?

கட்டுவிரியன் கடித்தால் அப்படித்தான். தரையில் பாய் விரித்துப் படுத்த பிள்ளை, விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழும். அப்புறம் இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கழுத்து நிற்காது. பாம்பையே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். காரணமில்லாத வயிற்றுவலியோடு இமை தொங்குகிறது என்றால் கடி இருக்கலாம் என்றே நினையுங்கள். மேலே பார்க்கச் சொல்லி இமையைக் கவனியுங்கள். பேசுகிற வயதென்றால் ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்கு முன் பதினைந்துவரை எண்ணியது இப்போது எட்டில் நின்றால் மூச்சுத் தசை தளர்கிறது.

கண்ணாடி விரியன் கடியில் வீக்கமும் ரத்தக் கசிவும். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள். கொலுசு, வளையல், மோதிரம், கறுப்புக் கயிறு எல்லாம் உடனே எடுத்துவிட வேண்டும். 2 மில்லி ரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாயுங்கள். உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தைத் தாக்கிவிட்டது. பிளாஸ்டிக் குழாய் இதற்கு ஆகாது.

கடிக்கு மேலே கயிறு கட்டிக் கொண்டு வந்தால் வந்த வேகத்தில் அவிழ்க்காதீர்கள். ஐ.வி. போட்டு, டாக்டர் பக்கத்தில் நிற்கும்போதுதான் அவிழ்க்க வேண்டும். விஷமுறிவு மருந்தின் அளவு பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒன்றே, பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்குத்தான் நம் மருந்து வேலை செய்யும். மலையடித் தோட்டங்களில் இருக்கிற குழிவிரியன்களுக்குச் செய்யாது. அதனால் மருந்து போட்டும் ரத்தம் உறையவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் நேரத்தோடு சொல்லுங்கள்.

தேனீ, கடந்தை கொட்டினால்?

தடிப்பு மட்டும் என்றால் பார்த்துக்கொண்டிருக்கலாம். தடிப்போடு வாந்தி, இழுப்பு, குரல் மாற்றம், மயக்கம் இதில் ஒன்று சேர்ந்தாலும் அட்ரினலின் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போக வேண்டும். அலர்ஜிக்கான அவில் ஊசி போட்டுவிட்டுக் காத்திருப்பது அந்த நேரத்தில் வீண்.

குளத்திலிருந்து தூக்கி வந்த பிள்ளை?

காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதையும் வயிற்றை அமுக்குவதையும் முதலில் நிறுத்துங்கள். தண்ணீரில் மூழ்கிய பிள்ளைக்கு நின்றது மூச்சு, அதனால் முதலில் கொடுக்க வேண்டியதும் மூச்சு. பிறகு நெஞ்சழுத்தம்: நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120. இரண்டு பேர் இருந்தால் 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு, தனியாக இருந்தால் 30-க்கு 2. ஈரத் துணியைக் கழற்றித் துடைத்துப் போர்த்துங்கள்.

கண் விழித்துப் பேசுகிற பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அடுத்த சில மணி நேரத்தில் இருமலும் மூச்சிழுப்பும் தொடங்கலாம். பாறைமேல் குதித்தது, தலைகுப்புற விழுந்தது என்றால் கழுத்தை அசைக்காமல் பிடியுங்கள். வீட்டு வாளியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் மூழ்கி வரும் சின்னப் பிள்ளைகளுக்கும் இதேதான்.

தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது?

சத்தமாக இருமுகிறதென்றால் இருமவிடுங்கள். இருமல் சத்தமே வராமல் நீலம் பாய்ந்தால், ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளையைக் குப்புறச் சாய்த்து முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்து. பெரிய பிள்ளைக்கு முதுகில் தட்டு, பிறகு மேல் வயிற்றில் உள்நோக்கி மேலே தள்ளுவது. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தேடினால் இன்னும் உள்ளே போகும். ரம்புட்டான் காலத்தில் இது கூடுதலாக நினைவிருக்கட்டும். வழவழப்பான அந்தப் பழம் முழுதாகச் சறுக்கிப் போய் அடைக்கும். 'கடலை தின்னும்போது இருமினான், அப்புறம் சரியாயிடுச்சு' என்று சொல்லி இரண்டு நாள் கழித்து ஒரு பக்க இழுப்போடு வந்தால் உள்ளே பருப்பு இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

எடை பார்க்க நேரமில்லையே?

ஒரு வயது முதல் பத்து வயதுவரை, வயதோடு 4 கூட்டி இரண்டால் பெருக்குங்கள். மூன்று வயதுக்கு 14 கிலோ. இது உத்தேசம். மெலிந்த பிள்ளைக்குக் கூடுதலாகிவிடும், அதனால் நிலை தேறியதும் எடை போட்டுத் திருத்துங்கள்.

சொல்கிற கதையும் காயமும் பொருந்தவில்லை என்றால்?

நீங்கள் விசாரணை செய்ய வேண்டாம், யாரையும் குற்றம் சாட்டவும் வேண்டாம். காயத்தின் இடம், அளவு, நிறம், அவர்கள் சொன்ன வார்த்தை, சொன்னவர் யார், எல்லாவற்றையும் அப்படியே எழுதி டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். நடக்காத குழந்தைக்கு எலும்பு முறிவோ நீலத் தழும்போ இருந்தால் கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் கொடுமை என்று தெரிந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது நர்ஸ் செய்ய வேண்டியது என்ன?

இங்கிருந்து போகிறது ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. எல்லைப் பக்கம் களியக்காவிளை ஆட்கள் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்குக் கேட்பார்கள். எங்கே போனாலும் முதலில் மூச்சும் ரத்த ஓட்டமும் ஓரளவு நிலைப்பட வேண்டும், 'சீக்கிரம் அனுப்பிடு' என்று ஆக்ஸிஜன் இல்லாமல் வண்டியில் ஏற்றக் கூடாது. 108-ஐக் கூப்பிடும்போதே பிள்ளையின் வயது, எடை, ஆக்ஸிஜன் தேவையா என்று சொல்லிவிட்டால் அதற்கேற்ப ஏற்பாட்டோடு வருவார்கள்.

போகிற இடத்துக்குப் போன் செய்து சொல்ல வேண்டியது சுருக்கமாக இருக்கட்டும். ஒரு மாதிரி: 'மூணு வயசு ஆண் பிள்ளை, 12 கிலோ. ரெண்டு நாள் பேதி. வந்தப்போ கூப்பிட்டாத்தான் பார்த்தான், பாதம் குளிர்ந்து இருந்தது, நாடி 170, சர்க்கரை 60. பத்தே காலுக்கு முதல் தவணை நீர் முடிஞ்சது. இப்போ நாடி 140, பாதம் சூடாயிருக்கு, இன்னும் சிறுநீர் போகல.' வந்தபோது என்ன, செய்தது என்ன, செய்த பிறகு என்ன ஆனது என்ற மூன்றும் அதில் இருக்கிறது. 'பேதி கேஸ், ரெஃபர்' என்று ஒரு சீட்டு மட்டும் போனால் அங்கே எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

வழியில் நிலை மோசமான பிள்ளைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவையும், தேறி வருகிற பிள்ளைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவையும் மூச்சு, நாடி, நினைவு, கால் சூடு பார்த்து எழுத வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று ஏறுமுன் பாருங்கள்.

பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் உள்ள காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளில் சில இடங்களிலிருந்து படகில் கடந்துதான் வண்டி நிற்கிற இடத்துக்கே வர முடியும். அங்கிருந்து போன் வந்தால் வண்டி வரும்வரை லைனை வைத்துவிடாதீர்கள். அம்மாவிடம் பிள்ளையின் வயிற்றைப் பார்த்து, அது ஏறும்போதெல்லாம் 'ஒண்ணு' என்று போனிலேயே சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் இங்கே கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணிவிடலாம். பாதத்தைத் தொட்டுச் சூடா, குளிர்ச்சியா என்று கேளுங்கள். பால் குடிக்கிறதா, கூப்பிட்டால் பார்க்கிறதா என்று கேளுங்கள். மயக்கத்தில் இருந்தால் பக்கவாட்டில் படுக்க வைத்துக் கொண்டு வரச் சொல்லுங்கள். படகு கரை சேருமுன் உங்கள் கையில் முதல் மதிப்பீடு எழுதப்பட்டிருக்கும், ஆக்ஸிஜன் எடுத்து வைக்க வேண்டுமா என்பதும் முடிவாகியிருக்கும்.